கோபுரம் எட்டாத கடல்

அலைபேசித் தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. 1979இல் டோக்கியோவில் தொடங்கிய முதல் தலைமுறை பேச்சை மட்டும் சுமந்தது; 1991இல் பின்லாந்தில் அறிமுகமான ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறை பேச்சை எண்களாக மாற்றி அனுப்பியதோடு, அடுத்த ஆண்டே குறுஞ்செய்தியையும் கொண்டுவந்தது; 2001இல் ஜப்பானில் மூன்றாம் தலைமுறையும், 2009இல் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் நான்காம் தலைமுறையும், 2019இல் தென்கொரியாவில் ஐந்தாம் தலைமுறையும் வந்தபோது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட எத்தனை மடங்கு விரைவானது என்பதே முதல் செய்தியாக இருந்தது. 2030ஐ ஒட்டி எதிர்பார்க்கப்படும் ஆறாம் தலைமுறையைப் பற்றிய பேச்சும் அதே தடத்தில்தான் செல்கிறது. அலை எவ்வளவு தொலைவு எட்டுகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்னும் அளவு, வேகத்துக்கு இணையாக மதிக்கப்பட வேண்டியதாக இருந்தும், இந்தக் கணக்கில் விடுபட்டுப்போகிறது. அதை ஆராய்வதற்குத் தென்னிந்தியக் கடற்கரை ஏற்ற களம். ஏனெனில் அலைபேசி என்ன செய்ய வல்லது என்பதும், அது கைவிடும் இடத்தில் என்ன நேர்கிறது என்பதும் அங்கே சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளிக்குள் தெரிந்துவிடுகின்றன.

வேகமும் எட்டும் தொலைவும் ஒன்றோடொன்று ஏன் முரண்படுகின்றன என்பதை அறிய, அலைபேசி வலைப்பின்னலின் அடிப்படையை முதலில் பார்க்க வேண்டும். வானொலி அலைவரிசைகள் அளவில் குறைந்தவை. ஒரே ஊரில் இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் பேச்சும் குழம்பிவிடும். இதற்கு 1947இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஓர் உள்குறிப்பில் தீர்வு எழுதினார். நிலப்பரப்பை அறுகோண வடிவில் ‘செல்’ எனப்படும் சிறு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த திறனுடைய ஒரு கோபுரத்தை நிறுத்தினால், ஒரு செல்லில் பயன்படுத்திய அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள வேறொரு செல்லில் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அவர் கருத்து. பயன்படுத்துவோர் பெருகும்போது செல்லை மேலும் சிறிதாக்கிக் கோபுரங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். இன்றைய பெருநகரங்களில் சில நூறு மீட்டருக்கு ஒரு கோபுரம் நிற்பதன் காரணம் இதுவே.

இதனுடன் அலைவரிசையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தடத்தின் வழியே நொடிக்கு எவ்வளவு தகவல் செல்ல முடியும் என்பதற்கு 1948இல் கிளாட் ஷானன் வகுத்த விதியின்படி, தடத்தின் அகலம் கூடக்கூடத் தகவலும் கூடும். ஆனால் அகலமான தடங்கள் உயர் அலைவரிசைகளில்தான் காலியாக உள்ளன. இந்தியாவின் 2022 ஏலத்தில் விற்கப்பட்ட அலைவரிசைகளை எடுத்துக்கொண்டால், 700 மெகாஹெர்ட்ஸ் அலை பல கிலோமீட்டர் சென்று சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் நுழைகிறது; 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை அதைவிடக் குறைந்த தொலைவிலேயே தளர்ந்துவிடுகிறது; 26 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒரு சுவரோ அடர்ந்த மரமோ தடுத்துவிடும், பெருமழையும் அதை மெலியச் செய்யும். ஆறாம் தலைமுறைக்காக ஆராயப்படும் 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் இவற்றினும் குறுகிய தொலைவே செல்லக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் ஈட்டிய வேகத்தில் பெரும்பங்கு, கோபுரத்தைப் பயனருக்கு மேலும் அருகில் கொண்டுவந்ததால் கிடைத்தது. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் இதனால் இழப்பொன்றும் இல்லை; கோபுரம் நட இடமே இல்லாத பரப்பில் மட்டும் எந்தத் தலைமுறை வந்தாலும் நிலைமை மாறுவதில்லை. அத்தகைய பரப்புகளில் மிகப் பெரியது கடல்.

கடற்கரையில் 50 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவினால் ஏறத்தாழ 29 கிலோமீட்டரில் தொடுவானத்தைத் தொட்டுவிடும். படகில் நிற்பவரின் கையிலுள்ள கருவி நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், இன்னும் ஆறு கிலோமீட்டர் கூடும். அதற்கப்பால் நேர்ப்பாதை இல்லை. இரண்டாம் தலைமுறைக் கருவிகளுக்கோ இயற்கையின் எல்லையோடு கடிகாரத்தின் எல்லையும் இருந்தது. ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்கிறார்கள். ஒவ்வொருவர் முறையும் 577 மைக்ரோநொடி மட்டுமே நீடிக்கும். தொலைவிலுள்ள கருவியின் அலை கோபுரத்தை அடையத் தாமதமாகும் என்பதால், அது அடுத்தவர் முறைக்குள் புகுந்துவிடாமலிருக்க, சற்று முன்கூட்டியே அனுப்பும்படி கோபுரம் அக்கருவிக்குக் கட்டளையிடுகிறது. எவ்வளவு முன்கூட்டி என்பதைக் குறிக்க 0 முதல் 63 வரையிலான எண்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. ஒவ்வோர் எண்ணும் சுமார் 550 மீட்டர் தொலைவுக்குச் சமம். அதனால் 35 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கருவியின் அலை கோபுரத்தை எட்டினாலும், சாதாரண அமைப்பில் அது அழைப்பாக ஏற்கப்படுவதில்லை. நான்காம் தலைமுறையில் இந்தக் கடிகாரத் தடை தளர்த்தப்பட்டது. தொடுவானத்தை யாராலும் தளர்த்த முடியவில்லை. நடைமுறையில், கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் தாண்டியதும் ‘டவர் போய்விட்டது’ என்று மீனவர்கள் சொல்வது இந்த இரண்டு கணக்குகளின் விளைவே.

அந்த 25 கிலோமீட்டருக்குள் அலைபேசி செய்த வேலை சிறிதன்று. வடகேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 1997க்கும் 2001க்கும் இடையில் அலைபேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. கடலோர நகரங்களுக்காக நடப்பட்ட கோபுரங்களின் அலை, யாரும் திட்டமிடாமலேயே, மத்தி பிடிக்கும் படகுகள் தொழில் செய்யும் தொலைவுவரை எட்டியது. அப்பகுதியின் 15 கடற்கரைச் சந்தைகளில் 300 படகுகளின் விற்பனையை வாரந்தோறும் கணக்கெடுத்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், 2007இல் வெளியிட்ட ஆய்வில், 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் நிகழ்ந்ததைப் பதிவுசெய்கிறார். அன்று பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டும் நிலையில் நின்றார்கள்; அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தார்கள். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை. சேவை வந்தபின், படகிலிருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பும் வழக்கம் உருவானது. வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமலாகியது, மீனவர் ஆதாயம் 8 விழுக்காடு கூடியது, நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. கடன் கொடுத்த தரகரிடமே மீனைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் பல படகுகளுக்கு இருக்கும்போது, விலை தெரிந்தும் வேறு கரைக்குப் போக இயலாதே என்று பின்வந்த ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. தொலைத்தொடர்பு கடன் உறவை மாற்றிவிடாது. ஆனால் தகவல் இல்லாமையால் மட்டும் வீணான மீனை அது காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை.

எல்லைக்கு அப்பால் நேர்ந்ததை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள்; சுறாவும் சூரையும் தேடிக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று, நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். தாழ்வு மண்டலம் குமரிக் கடலில் மிக விரைவாகப் புயலாக வலுத்தபோது அவர்கள் ஏற்கெனவே கடலுக்குள் இருந்தார்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் வெளியிடப்பட்டதா என்ற வாதம் பின்னர் நெடுநாள் நடந்தது. ஆனால் இன்னும் முன்னதாக வெளியிடப்பட்டிருந்தாலும் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வழி இருக்கவில்லை. படகுகளிலிருந்த விஎச்எஃப் வானொலிக் கருவிகளும் நேர்ப்பாதையிலேயே இயங்குபவை என்பதால், ஒரு படகு மற்றொரு படகுக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல என்று செய்தி தாவித்தாவிப் போக வேண்டும். இடையில் ஒரு படகு விலகி நின்றாலும் சங்கிலி அறுந்துவிடும். தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் உயிரிழந்தார்கள் அல்லது திரும்பி வரவே இல்லை. தகவல் யுகம் என்று பெருமையாகப் பேசப்பட்ட ஒரு காலத்தில், கரையிலுள்ள அனைவருக்கும் தெரிந்த புயல் அதன் பாதையிலேயே நின்றவர்களுக்குத் தெரியாமல் போனதை, இத்துறையின் மிகப் பெரிய தோல்விகளுள் ஒன்றாகவே கருத வேண்டும்.

அதன்பின் வந்த ஏற்பாடுகள் படிப்படியானவை. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் 2019இல் வெளியிட்ட ஜெமினி என்னும் சிறு பெட்டி, விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள்களின் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் அலைபேசித் திரையில் காட்டுகிறது. அது ஒருவழிப் பாதை: செய்தி வரும், பதில் போகாது. படகு கவிழும் நிலையில் இருப்பதைக் கரைக்குச் சொல்ல அதனால் முடியாது. இருவழித் தொடர்புக்காக இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. படகு இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவித்தல், ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்டல், குறுஞ்செய்தி அனுப்புதல், நாட்டின் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கை பெறுதல் ஆகியவை இதில் அடங்கும். கடைசியில் சொன்னது பாக் நீரிணையில் தொழில் செய்யும் இராமேஸ்வரம், நாகப்பட்டினம் படகுகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் தனியே ஒரு கருவி, தனியே ஒரு பராமரிப்பு என்னும் நிலை நீடிக்கும்வரை, சிறிய ஃபைபர் படகுகளில் பல அதற்கு வெளியிலேயே நிற்கும்.

இந்நிலையை மாற்றக்கூடியது, சட்டைப்பையிலுள்ள சாதாரண அலைபேசியோடு செயற்கைக்கோளே நேரடியாகப் பேசும் முறை. இது எளிதாகத் தோன்றினாலும் இயற்பியல் கடுமையாக எதிர்க்கும் காரியம். அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 5 கிலோமீட்டரிலுள்ள கோபுரத்தைவிட 500 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் நூறு மடங்கு தொலைவு என்றால், வந்து சேரும் வலிமை பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அலைபேசி உமிழும் திறன் ஏறத்தாழ 0.2 வாட் மட்டுமே. மின்கலத்தையும் உடல்நலத்தையும் கருதி அதை உயர்த்த முடியாது. ஆகவே செயற்கைக்கோளின் ஆன்டெனாவை மிகப் பெரிதாக்குவதே ஒரே வழி. 2022 செப்டம்பரில் ஏவப்பட்ட புளூவாக்கர் 3 என்னும் சோதனைச் செயற்கைக்கோள் விண்வெளியில் 64 சதுர மீட்டருக்கு விரிந்தது. 2023 ஏப்ரலில் அதன் வழியே, எந்த மாற்றமும் செய்யப்படாத அலைபேசியிலிருந்து டெக்சாஸுக்கும் ஜப்பானுக்கும் இடையே பேச்சு நடந்தது. புளூவாக்கர் 3ஐ உருவாக்கிய நிறுவனத்தின், சுமார் 223 சதுர மீட்டர் விரியக்கூடிய அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் 2025 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ஏவூர்தியில் புறப்பட்டது. ஆறு டன்னைத் தாண்டிய அந்தச் சுமை, இந்திய மண்ணிலிருந்து அதுவரை ஏவப்பட்டவற்றில் மிகவும் கனமானது.

இரண்டாவது தடை வேகம் சார்ந்தது. தாழ்வட்டப் பாதையிலுள்ள செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் விரைவில் பாய்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகிச் செல்லும்போது தணிந்தும் ஒலிப்பதைப் போல, அதன் அலைவரிசையும் நெருங்கும்போது கூடி, விலகும்போது குறைகிறது. 2 கிகாஹெர்ட்ஸ் அலையில் இந்த விலகல் ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸ்வரை செல்லக்கூடும். நான்காம் தலைமுறை முறையிலோ அடுத்தடுத்த துணையலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியே 15 கிலோஹெர்ட்ஸ்தான். திருத்தம் செய்யாவிட்டால் ஒருவர் செய்தி அடுத்தவர் தடத்தில் விழும். அந்தத் திருத்தத்தைச் செயற்கைக்கோளும் தரைநிலையமும் முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்கின்றன. படகிலிருப்பவரின் கருவி, தான் ஒரு சாதாரணக் கோபுரத்தோடு பேசுவதாகவே ‘நம்புகிறது’. ஒரு செயற்கைக்கோள் ஒரு படகின் தலைக்குமேல் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே தெரியும் என்பதால், இடைவிடாத தொடர்புக்குப் பல செயற்கைக்கோள்கள் வரிசையாக வந்துகொண்டிருக்க வேண்டும். அலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2022இல் முடித்த 17ஆம் வெளியீட்டில் செயற்கைக்கோள் இணைப்பையும் தரத்தின் ஒரு பகுதியாக்கியது. நியூசிலாந்தில் 2024 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2025 ஜூலையிலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் வழியே சாதாரண அலைபேசிக்குக் குறுஞ்செய்திச் சேவை வணிக அளவில் தொடங்கிவிட்டது.

இதிலிருந்து வானமே கோபுரமாகிவிடும் என்று முடிவுகட்டுவது அவசரம். தரைக்கோபுரம் ஒரு தெருவுக்குப் பணி செய்யும் இடத்தில், செயற்கைக்கோளின் ஒரு கற்றை பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பை மூடுகிறது. அங்குள்ள அனைவரும் ஒரே கொள்ளளவைப் பங்கிட வேண்டும். நகரத்துக் காணொளிப் பசிக்கு அது ஈடுகொடுக்காது. கூரைக்கு அடியிலும் சரிவர எட்டாது. பரந்த கடலில் சிதறிக் கிடக்கும் சில நூறு படகுகளுக்கோ அதுவே தாராளம்.

விலை மற்றொரு பாடம். 1998 நவம்பரில் 66 செயற்கைக்கோள்களோடு சேவையைத் தொடங்கிய இரிடியம் நிறுவனம், உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசும் திறனை உண்மையாகவே அளித்தது. ஆனால் செங்கல் போன்ற கருவியையும் அதன் விலையையும் அழைப்புக் கட்டணத்தையும் தாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே என்பதால், ஓராண்டு முடிவதற்குள் திவாலானது. இந்தியத் தரைவலையின் கதையும் இதையே சொல்லும். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியிலிருந்த சுக்ராமை அழைத்தபோது தொடங்கிய சேவையில், பேசுவதற்கு மட்டுமல்லாமல் வரும் அழைப்பை எடுப்பதற்கும் கட்டணம் இருந்தது; 2003இல் வரும் அழைப்பு இலவசமான பின்னரே அலைபேசி கூலித் தொழிலாளியின் கைக்கு வந்தது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆறாம் தலைமுறைக்காக 2023இல் வகுத்த சட்டகத்தில், மிகை வேகம், நம்பகத்தன்மை, பெருந்திரள் கருவிகள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றோடு ‘எங்கும் நிறைந்த இணைப்பு’ என்பதும் ஒரு பயன்பாடாகச் சேர்க்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். அதே பட்டியலிலுள்ள ‘உணர்தல்’ என்பதும் கவனத்துக்குரியது: கோபுரங்களுக்கிடையே செல்லும் நுண்ணலை மழையில் மெலிவதைக் கொண்டே மழையளவைக் கணிக்கலாம் என்று ஹாகிட் மெஸ்ஸர் தலைமையிலான இஸ்ரேல் குழு 2006இலேயே காட்டியது. வலைப்பின்னல் முழுவதும் இப்படி ஒரு பெரும் உணர்கருவியாகும்போது, அது மழையை மட்டுமல்லாமல் மனிதரின் நடமாட்டத்தையும் பதிவுசெய்யும் என்பதால், யார் எதைப் பார்க்கலாம் என்னும் சட்டம் கருவிக்கு முன்னால் வர வேண்டும்.

எட்டும் தொலைவு கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதன்று. 2024இல் உலகில் 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தார்கள். 260 கோடிப் பேர் இல்லை. இந்த 260 கோடியில் அலையே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் சிறுபான்மையினரே. மற்றவர்கள் அலைக்குள் வாழ்ந்தும் கருவியின் விலை, எழுத்தறிவு, தம் மொழியில் பயனுள்ள தகவல் இல்லாமை, பெண்கள் கையில் கருவி கொடுக்கத் தயங்கும் குடும்பச் சூழல் ஆகியவற்றால் விலகி நிற்பவர்கள். அலை இருந்தாலும் மின்சாரம் இல்லாவிட்டால் பயனில்லை என்பதை 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் கற்பித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்த டெல்டா மாவட்டங்களில் கோபுரங்களும் கைக்கருவிகளும் சேர்ந்தே ஓய்ந்தன.

எச்சரிக்கையை மக்களின் காதுவரை கொண்டுசேர்க்கும் இறுதிக் கட்ட இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புதுச்சேரிக் கடலோரத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே அமைத்த கிராம அறிவு மையங்களில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயரக் கணிப்பை ஊர்க்காரர் ஒருவர் எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசித்தார். வீராம்பட்டினம் மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டே கடலுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் மக்கள் பிழைத்தார்கள். ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே கணத்தில் உரத்து ஒலிக்கச் செய்வதும் 2023இல் இந்தியா முழுவதும் சோதிக்கப்பட்டதுமான ‘செல் ஒலிபரப்பு’ முறை அந்த ஒலிபெருக்கியின் வேலையையே விரிந்த அளவில் செய்கிறது. அதைச் செயற்கைக்கோள் கற்றையிலும் சேர்த்து, கொண்டல், கச்சான் என்று கடலோரத்தார் வழங்கும் காற்றின் பெயர்களிலேயே தமிழ்க்குரலில் ஒலிக்கச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

இந்தியாவில் செயற்கைக்கோள் வழி அலைபேசிச் சேவைக்கான விதிகளும் கட்டணங்களும் இப்போதுதான் உருப்பெற்றுவருகின்றன. அவசர அழைப்பும் புயல் எச்சரிக்கையும் எந்த நிறுவனத்தின் எந்தச் சந்தாதாரருக்கும் கட்டணமின்றி, கடல் எல்லைவரை கிடைக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே அரசு இப்போது எழுதிவைக்க வேண்டும்; சேவை தொடங்கி விலை நிலைத்துவிட்ட பிறகு அதைச் சேர்ப்பது கடினம்.